நாலு ஓம், எட்டு ஓம், பதினாறு ஓம்: எங்கள் ஊர் ரேடியோ செட்டின் கதை

போன மாதம் பக்கத்துத் தெரு நண்பர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒரு ஸ்டீரியோ ரிசீவரும் இரண்டு புது ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நண்பருக்குப் பழைய ஸ்பீக்கரை விட மனமில்லை. பரணில் கிடந்த மண்பானை ஸ்பீக்கர் இரண்டையும் இறக்கித் துடைத்து வைத்திருந்தார். "புதுசு ரெண்டு ஹால்ல, பழசு ரெண்டு திண்ணையில. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து மாட்டிரலாமா சார்?" என்று கேட்டார்.

புது ஸ்பீக்கரின் பின்பக்கம் 8 ஓம் என்று எழுதியிருந்தது. பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன், 4 ஓம். கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கேள்வி எனக்கு ஏறத்தாழ ஐம்பது வருடப் பழசு. ஒருமுறை இதற்குத் தப்பாக விடை சொல்லி, ஒரு நல்ல மனிதரைக் கடனாளி ஆக்கியிருக்கிறேன். அந்தக் கதையையும், ஒரு பெட்டியிலிருந்து பல காதுகளுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்த நம் பகுதியின் கதையையும் சேர்த்தே இன்று எழுதுகிறேன்.

திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16-ல். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14-ல், பொங்கல் நாளன்று. இந்த மாற்றங்களுக்கெல்லாம் நடுவில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது பஞ்சாயத்து ரேடியோ.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பஞ்சாயத்து ஆபீசுக்குள் பூட்டிய அலமாரியில் ரேடியோ பெட்டி இருக்கும். வெளியே கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் ஆனால் ஊர் முழுக்க அந்தக் கம்பத்தடிக்கு வந்துவிடும். வயலும் வீடும், மாநிலச் செய்தி, டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமியின் கணீர்க் குரல் எல்லாம் அங்கேதான் கேட்டோம். 1960-களின் பின்பாதியில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விவசாயிகளிடம் கொண்டு சேர்த்த விதத்தைப் பார்த்து, அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் தபாலாபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டிய காலம் அது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கம்பத்து ஸ்பீக்கர்தான் ரேடியோ.

அங்கே ஒரு பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கர் என்பதால் சிக்கல் இல்லை. சிக்கல் தொடங்கியது கல்யாணம், காதுகுத்து, திருவிழாவுக்கு 'ரேடியோ கட்ட' ஆரம்பித்த பிறகு. வெளியூர்க்காரர்கள் மைக் செட் என்பார்கள், நாங்கள் ரேடியோ செட் என்போம். இசைத்தட்டு சுற்றும் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், இரண்டு குழாய், லாரி பேட்டரி ஒன்று. கரண்டு வராத ஊருக்கு அந்த பேட்டரிதான் துணை. சைக்கிள் கேரியரில் பெட்டியும் ஹேண்டில்பாரில் குழாயுமாக ரேடியோ செட்டுக்காரர் ஊருக்குள் நுழைந்தாலே திருவிழா தொடங்கிய மாதிரி. பனைமரத்திலோ வேப்பமரத்திலோ ஏறிக் குழாயைக் கட்டுவார். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு, அதன்பிறகுதான் சினிமாப் பாட்டு.

எங்கள் ஊரில் அந்தத் தொழில் செய்தவரை எல்லோரும் ரேடியோ அண்ணன் என்போம். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் குழாயின் சத்தத்தைக் கேட்டே உள்ளே காயில் தளர்ந்திருக்கிறதா, வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான், 1976-ல் அவருக்கு எடுபிடியாகப் போய்ச் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. விசேஷ வீட்டுச் சாப்பாடும், நாமே ரெக்கார்டு போடுகிறோம் என்ற பெருமையும்தான்.

அந்த வருடம் அண்ணன் புதிதாக ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தார். அதற்கு முன் இருந்தது வால்வு செட். போட்டதும் சூடேற ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும், கனமும் அதிகம். புதுசோ போட்ட உடனே பேசும். அதன் பின்பக்கம் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்றும் 100 வோல்ட் என்றும் வரிசையாகத் திருகாணிகள் இருக்கும்.

பங்குனித் திருவிழா. இரவு வள்ளி திருமணம் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகத்தை நம் பக்கம் விடிய விடிய நடத்துவார்கள், விடிய விடியப் பார்ப்பார்கள். அண்ணன் இரண்டு குழாயையும் மரத்தில் கட்டி, 8 ஓம் திருகாணியில் மாட்டிவிட்டு, "தம்பி, பாத்துக்க" என்று சாப்பிடப் போனார். ஒவ்வொரு குழாயும் 16 ஓம். இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்தால் 8 ஓம். கணக்குச் சரிதான்.

அப்போது விழாக் கமிட்டிக்காரர் வந்து, பெண்கள் உட்காரும் பக்கம் வசனம் சரியாகக் கேட்கவில்லை, அங்கே ஏதாவது வை என்றார். பெட்டி ஸ்பீக்கர் இரண்டு சும்மா கிடந்தன. ஒவ்வொன்றும் 8 ஓம். அண்ணன் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதே 8 ஓம் திருகாணியில் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். பழைய வால்வு செட்டில் இப்படிக் கூடுதலாக மாட்டி ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். அது சத்தம் குறையும், சூடாகும், முனகும், ஆனால் ஒரு ராத்திரியை ஓட்டிவிடும். இதுவும் ஓடும் என்று நினைத்தேன்.

ரெக்கார்டு ஓடும்வரை ஓடியது. பபூன் வந்து ஆட்டம் களைகட்டி, ஆர்மோனியமும் பாட்டும் கூட்டத்தின் சிரிப்பும் சேர்ந்தபோது, சத்தத்தைக் கூட்டு என்று ஆள் மேல் ஆள் வந்து சொன்னார்கள். கூட்டினேன். பேக்கலைட் கருகும் வாசனை வந்தது. ஒரு கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை.

இரண்டாயிரம் பேர் இருந்த பொட்டலில் திடீரென்று விழுந்த அந்த அமைதி இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. அண்ணன் ஓடி வந்தார். பின்பக்கம் கையை வைத்தார், வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பெட்டி ஸ்பீக்கர் வயர் இரண்டையும் கழற்றிச் சுருட்டித் தன் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். கமிட்டிக்காரரிடம், "டிரான்சிஸ்டர் போயிருச்சுங்க, புதுச் செட்டு, சரியில்லை" என்றார். வாடகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நாடகம் நிற்கவில்லை. மைக் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து பாடி வந்த பரம்பரை அது. ராஜபார்ட் மேடை முனைக்கு வந்து தொண்டையைத் திறந்தார். கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு மேடையை ஒட்டி வந்து உட்கார்ந்தது. விடியும்வரை நடந்தது. இரண்டு பேர்தான் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் மேடைக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அண்ணன் வீட்டுத் திண்ணையில் அடுப்புக்கரியால் கணக்குப் போட்டுக் காட்டினார். "கம்மாயில ஒரு மடையைத் தொறந்தா தண்ணி எவ்வளவு போகும்? பக்கத்துலயே இன்னொரு மடையையும் தொறந்தா? ரெண்டு மடங்கு. ஸ்பீக்கரும் மடைதான் தம்பி. ஓம் கம்மின்னா பெரிய மடை, ஓம் ஜாஸ்தின்னா சின்ன மடை. நீ நாலு மடையைத் தொறந்து விட்டுட்டே."

இதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பக்கம் பக்கமாக இணைக்கும்போது ஓம் கூடாது, குறையும். 16-ம் 16-ம் சேர்ந்தால் 8. 8-ம் 8-ம் சேர்ந்தால் 4. நான் மாட்டிய நாலும் சேர்ந்து 2.7 ஓம்கூட வரவில்லை. 8 ஓமுக்கான இடத்தில் மூன்று மடங்கு கரண்டு. அதைத் தாங்க முடியாமல் 3055 என்று நாங்கள் சொல்லும் டிரான்சிஸ்டர் ஜோடியும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கருகின. வால்வு செட்டின் குணம் வேறு. அது சுமை கூடினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் ஸ்பீக்கரே இல்லாமல் வெறுமனே சத்தத்தைக் கூட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் பொசுங்கிவிடும். டிரான்சிஸ்டருக்கு நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாமல் பெரும்பாலும் சும்மா இருக்கும், சுமை கூடினால் நொடியில் போய்விடும். பழையதில் கற்ற பாடத்தைப் புதியதில் போட்டுப் பார்த்தது என் தவறு.

திருச்சிக்கு எடுத்துப்போய்ப் பழுது பார்த்ததில் மூன்று விசேஷத்து வாடகை போயிற்று. நடுவில் ஒரு கல்யாணமும் கைவிட்டுப் போனது. அண்ணன் வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். அது என்னால் வந்தது என்று ஊரில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

இந்த ஓம் என்ற அளவு ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் பெயரால் வந்தது. மின்சாரத்துக்கும் கம்பியின் தடைக்கும் உள்ள கணக்கை அவர் வெளியிட்டது 1827-ல். ஆனால் ஸ்பீக்கரில் எழுதியிருப்பது வெறும் தடை அல்ல, இம்பீடன்ஸ், தமிழில் மின்மறுப்பு. பாட்டு என்பது நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும் மின்சாரம். கட்டைக் குரலுக்கு ஒரு அளவு, கீச்சுக் குரலுக்கு ஒரு அளவு என்று ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பும் மாறும். 8 ஓம் என்பது அதற்குப் பொதுவாக வைத்த ஒரு எண், அவ்வளவுதான். மல்டிமீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 என்று காட்டும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886-ல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. இங்கிலாந்துக்காரர். கல்லூரி வாசல் மிதிக்காதவர், தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்தவர். சிறு வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலால் காது மந்தமானவர். பின்னாளில் தொலைபேசித் துறையில் சேர்ந்து, 600 ஓம் லைன்களோடு ஆயுளைக் கழித்த நான், இவர் வரலாற்றைப் படித்தபோது ரேடியோ அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன். குழாயடியில் நின்று நின்று, ஐம்பது வயதிலேயே அவருக்கும் ஒரு காது போய்விட்டது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அண்ணன் 100 வோல்ட் திருகாணிக்கு மாறினார். அதன் அருமை பலருக்குத் தெரியாது. மின்வாரியம் ஊருக்கு எப்படிக் கரண்டு கொண்டுவருகிறது? 11,000 வோல்ட்டில் கொண்டுவந்து, ஊர் எல்லையில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230-ஆக இறக்குகிறது. அதே வேலைதான் இதுவும். ஆம்ப்ளிஃபயர் 100 வோல்ட்டில் அனுப்பும். ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதை இறக்கிக் கொடுக்கும். இதில் ஓம் கணக்கே வேண்டாம், வாட் கணக்குப் போதும். 50 வாட் ஆம்ப்ளிஃபயரில் 10 வாட் குழாய் ஐந்து மாட்டலாம். ஆறாவது கூடாது. லைனிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு 10 வாட் குழாயும் 1,000 ஓம். ஐந்தும் சேர்ந்தால் 200 ஓம்.

இன்னொரு லாபமும் உண்டு. கோயிலிலிருந்து மெயின்ரோடு வரை மெல்லிய வயர் இழுத்தால் அந்த வயருக்கே 8 ஓம் தடை வந்துவிடலாம். 8 ஓம் குழாயை நேரடியாக மாட்டினால் பாதிச் சக்தி வயரிலேயே வீணாகும். 1,000 ஓமுக்கு முன்னால் அந்த 8 ஓம் ஒரு பொருட்டே இல்லை. திருவிழாவில் ஐந்து தெருவுக்கும் ஒரே அளவில் பாட்டுக் கேட்டதன் ரகசியம் இதுதான்.

என் பெரியப்பா சிங்கப்பூரில் இருந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பெட்டி இருக்கும், நிலையத்தைத் தேடும் முள் கிடையாது, கம்பி வழியாகவே பாட்டு வரும் என்று சொல்வார். 1949-ல் அங்கே தொடங்கிய ரீடிஃப்யூஷன் அது. ஒரே நிலையம், ஊர் முழுக்க ஸ்பீக்கர். எங்கள் திருவிழாவில் அண்ணன் செய்ததையே ஒரு நகரம் முழுக்கச் செய்திருக்கிறார்கள்.

1980-களில் நம் பக்கத்து வீடுகளுக்கு ஸ்டீரியோ வந்தது. அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமெல்லாம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போனவர்கள் கையில் ஒரு டேப் ரெக்கார்டர் இல்லாமல் திரும்பியதில்லை. அதோடு வந்ததுதான் பானை மோகம். வாய் அகன்ற மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் உள்ளிருக்கும் காற்று சேர்ந்து அதிர்ந்து, தவில் சத்தம் தம்மென்று விழும். டீக்கடைகளில் ஆரம்பித்து வீட்டு மூலைகளுக்கு வந்தது. பானைக்குள் இருந்தவை பெரும்பாலும் கார் ஸ்பீக்கர்கள், 4 ஓம். காருக்கு 12 வோல்ட் பேட்டரி மட்டுமே. அந்தக் குறைந்த வோல்ட்டில் அதிகச் சத்தம் எடுக்க மடையைப் பெரிதாக்கினார்கள். வீட்டு ஸ்பீக்கருக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால் 8 ஓம். நண்பரின் பரணில் 4-ம் ஹாலில் 8-ம் இருந்த காரணம் இதுதான்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். ரிசீவரின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். ஏ ஜோடி, பி ஜோடி என்று இரண்டு வரிசை இருந்தது. ஒரு ஜோடி மட்டும் என்றால் 4 ஓமுக்குக் குறையக் கூடாது, இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒவ்வொன்றும் 8 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பெரும்பாலான ரிசீவர்களில் அவை பக்கம் பக்கமாகச் சேரும். 8-ம் 4-ம் சேர்ந்தால் 2.7 ஓம். என் பழைய எண்ணேதான். அதில் மாட்டக் கூடாது.

ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக மாட்டினால் 12 ஓம், ரிசீவருக்கு ஆபத்தில்லை. ஆனால் சத்தம் குறையும். 8 ஓம் ஸ்பீக்கர் 4 ஓமைவிட இரண்டு மடங்கு சக்தியை எடுத்துக்கொள்ளும், குரலின் தன்மையும் கெடும். இடது பக்கம் 4, வலது பக்கம் 8 என்று மாட்டினால் இந்த ரிசீவர் தாங்கும், ஆனால் பாட்டு ஒரு பக்கம் சாயும். அதனால் ஹாலுக்கு ஏ, திண்ணைக்கு பி, ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கேட்டே ஆக வேண்டும் என்றால், பானைகளுக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிடுவது நல்லது. எதைச் செய்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். சூடோ வாசனையோ வந்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குழாய்களின் காலம் முடிந்துவிட்டது. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்பதை உறுதிப்படுத்தியது. போலீசார் குழாய்களைக் கழற்றச் சொன்னார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் அது சரிதான். ஆனால் அந்தச் சத்தத்தை நம்பிச் சோறு தின்ற வீடுகளும் இருந்தன. அண்ணன் கடைசியாக வைத்திருந்த இரண்டு குழாயையும் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டார்.

தொலைபேசித் துறையில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும், பழுது பார்த்த பணத்தைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "கணக்குத் தெரிஞ்சுக்கிட்டியில்ல, அதுக்கு நான் கட்டின பீஸுன்னு வச்சுக்க" என்றார். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அன்று சாயங்காலம் நண்பர் வீட்டுத் திண்ணையில் பானை இரண்டையும் பி-யில் மாட்டினோம். என்ன பாட்டு முதலில் என்று கேட்டார். பிள்ளையார் பாட்டுத்தான் என்றேன்.